குடுவையை யார் கழுவுவது?

சென்ற வாரம் உங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்திருந்தபோது தேநீர் மேசையில் நீங்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. ஓய்வுபெற்ற கிழவிக்குக் காது மந்தம் என்று நினைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. "இந்த ரெண்டாம் வருஷப் பிள்ளைகள லீவுக்கு லீவு அனுப்பி வச்சிர்றாங்க. கண்ணாடிய ஒடைக்கிறதுதான் மிச்சம். நம்ம வேலைய நாம பாக்கிறதா, இவங்கள மேய்க்கிறதா?" என்று ஒருவர் கேட்க, மற்றவர்கள் எல்லாரும் தலையாட்டினீர்கள். வேலைக்குச் சேர்ந்த சூடு ஆறுவதற்குள் இந்தப் பேச்சா! வந்த கோபத்தில் பிளேன்டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

வீட்டுக்குப் போய் யோசித்தபோது, உங்களைத் திட்டி என்ன பயன் என்று பட்டது. மாணவர்களுக்கு அந்த ஆய்வுகூடத்தில் ஒரு மேசை எப்படிக் கிடைத்தது என்று உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லக்கூடிய ஆள் இப்போது நான்தான். ஆகவே கேளுங்கள்.

அறுபதுகளின் பிற்பகுதி அது. நான் மாத்தளை நகரத்துப் பெண். பெரிய வீதியில் அப்பாவுக்கு ஆணி, பூட்டு, வாளி விற்கிற ஒரு கடை. பல்கலைக்கழகத்தில் இரசாயனம் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்தில் எங்களைப் போன்ற மாணவர்களுக்கு ஆராய்ச்சி என்பது கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கிற சாமான். பார்க்கலாம், தொட முடியாது. கடதாசிப் பொட்டலத்தில் ஓர் உப்பைத் தருவார்கள். அது என்ன உப்பு என்று நாங்கள் கண்டுபிடிக்க வேண்டும். தந்தவருக்கு விடை முன்னமே தெரியும். விடை தெரிந்தவரிடமே போய் விடையைச் சொல்லிவிட்டு வருவதற்குப் பெயர் செய்முறைப் பரீட்சை.

எங்கள் விரிவுரையாளர் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. விடுமுறையில் மாணவர்களுக்கு உண்மையான ஆராய்ச்சி வேலை கொடுக்கச் சொல்லிப் பல இடங்களில் கேட்டுப் பார்த்தார். எல்லாரும் கையை விரித்தார்கள். மாத்தளையில் வாசனைப் பயிர்களுக்கென்று இருந்த ஒரு சின்ன ஆய்வுகூடம், இப்போது நீங்கள் இருக்கிற இதே ஆய்வுகூடம், மட்டும் சரி என்றது, அதுவும் நிபந்தனையோடு. இந்த விடுமுறைக்கு இரண்டு பேர் வரலாம். அவர்களால் பிரயோசனம் இருந்தால் வருடா வருடம் மாணவர்களுக்கு இடம் உண்டு. இல்லையென்றால் இந்தப் பேச்சையே இனி எடுக்கக் கூடாது.

போனவர்கள் நானும் நசீரும். நசீர் உக்குவளைப் பக்கத்துப் பையன், என் வகுப்பு. அவனுக்கு எதற்கும் சிரிப்பு வரும், எனக்கு எதற்கும் கோபம் வரும். திறமை பார்த்துத் தெரிந்தெடுத்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் இரண்டு பேருக்கும் சொந்த ஊர் அது, தங்குவதற்கு இடம் தேட வேண்டியதில்லை, அவ்வளவுதான். புறப்படும்போது விரிவுரையாளர் சொன்னார்: "ஒங்களுக்குப் பின்னால வர்ற அத்தனை பிள்ளைகளுக்கும் இதுதான் கதவு. பூட்டிட்டு வந்துராதீங்க." அந்த வார்த்தை என் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்துகொண்டது.

ஆய்வுகூடத் தலைவர் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளை நீளக்கைச் சட்டை, மணிக்கட்டுவரை பொத்தான், ஒரு சுருக்கம் இருக்காது. எங்களைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்தது.

"வாங்கோ, வாங்கோ! குடுவை கழுவ ஆளில்லாமல் நாங்கள் படுற பாடு!"

பகிடி என்று நினைத்தோம். பகிடி இல்லை. காலையில் போனால் தொட்டி நிறையக் கண்ணாடிச் சாமான் காத்திருக்கும். அவற்றைக் கழுவி, உலர்த்தி, அடுக்கினால் பின்னேரம் மறுபடி தொட்டி நிறைந்துவிடும். நசீர் சோப்பு நுரைக்குள் கையை விட்டுக்கொண்டு, "கமலா, நம்மள ஆராய்ச்சிக்குக் கூப்பிட்டாங்களா, கல்யாண வீட்டுல சட்டி கழுவக் கூப்பிட்டாங்களா?" என்று கேட்டுச் சிரிப்பான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கதவு மெல்ல மெல்லச் சாத்தப்படுவது எனக்குத் தெரிந்தது. கழுவிவிட்டுப் போன இரண்டு பேரால் என்ன பிரயோசனம் என்று கடைசியில் கேட்டால் யார் என்ன பதில் சொல்வது?

ஒருநாள் பொறுக்க முடியாமல் தலைவரின் அறைக்கே போய்விட்டேன்.

"சேர், நாங்க கழுவுறதுக்கு வரலீங்க. ஆராய்ச்சி செய்ய வந்தோம்."

அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிள்ளை, ஆராய்ச்சி எண்டால் விடை தெரியாத கேள்வி. விடை தெரிஞ்ச உப்பையே பிழையாச் சொல்லுற ஆக்களிட்டை அதை எப்பிடித் தாறது?"

வெளியே வந்தேன். ஆனால் அன்றிலிருந்து ஒரு வீம்பு பிடித்துக்கொண்டது. மற்றவர்களின் குடுவைகளைக் கழுவுவேன், ஓய்ந்த நேரத்தில் நானே ஏதாவது சோதித்துப் பார்க்க எடுத்ததை மட்டும் சொன்னவுடன் கழுவ மாட்டேன். அழுக்கோடு மேசையடியில் ஒளித்து வைப்பேன். சின்னப்பிள்ளைத்தனம்தான், ஆனால் அந்தச் சின்னப்பிள்ளைத்தனம் பிறகு எங்களைக் காப்பாற்றியது.

அப்படியிருக்கும்போதுதான், ஊரெல்லாம் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிற காசிம் நானா வந்தார். ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகிற வழியில் கராம்பு இலை எண்ணெய் வடிக்கிறவர். இலையை ஆவியில் வேகவைத்து வடித்தால் இளமஞ்சளாக எண்ணெய் இறங்கும். வாசனைப் பொருள்களுக்கும் பல் மருந்துக்கும் அது கப்பலேறும். அவர் கொண்டுவந்த போத்தலில் இருந்ததோ கருநீலமும் கபிலமும் கலந்த ஏதோ ஒன்று. மணம் மட்டும் அசல் கராம்பு.

"சேர், என் வாப்பா காலத்துல இருந்து வடிக்கிறோம். ஒருத்தன் ஒரு சொல்லு சொன்னதில்ல. இப்ப கொழும்புல வாங்குற கம்பனி, கலப்படம்னு சொல்லி அம்புட்டையும் திருப்பி அனுப்பிட்டானுங்க. நான் கலப்படக்காரனா? நானா?" என்று கேட்டவரின் குரல் உடைந்துபோனது.

வெள்ளிக்கிழமை கம்பனி ஆள் நேரில் வருகிறான். ஆய்வுகூடத்தின் முடிவைக் கேட்டுவிட்டுத்தான் இனி அவரிடம் வாங்குவதா இல்லையா என்று சொல்வான். ஆய்வுகூடத்தின் இரண்டு மூத்த இரசாயனவியலாளர்களில் ஒருவர் லீவில், மற்றவர் மிளகு வேலையில் கழுத்துவரை மூழ்கியிருந்தார். தலைவர் போத்தலைப் பார்த்தார். பிறகு தொட்டியடியில் நின்ற எங்களைப் பார்த்தார்.

"கேட்டியளெல்லே ஆராய்ச்சி? இந்தா. இந்தக் கறுப்பு எங்கையிருந்து வந்தது? விடை எனக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை வரைக்கும் தவணை. கண்டுபிடிச்சால் வருசா வருசம் பிள்ளையளை எடுப்பன். இல்லையெண்டால் நீங்கள் ரெண்டு பேரும்தான் கடைசி."

போத்தலை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். நசீர்கூடச் சிரிக்கவில்லை.

இப்போது நன்றாகக் கேளுங்கள், ஏனென்றால் நாங்கள் செய்த பிழையை இரசாயனம் படித்தவர்கள் மட்டுமே செய்வார்கள். நீங்களும் செய்வீர்கள். எங்களுக்குப் படிப்பித்தது என்ன? எதையும் சோதிப்பதற்கு முன் தூய்மையாக்கு. ஆகவே அந்தக் கறுத்த எண்ணெயைக் குடுவையில் ஊற்றி, பக்குவமாகச் சூடேற்றி, காய்ச்சி வடித்தோம். இளமஞ்சளாக, கண்ணீர்போல் தெளிவாக எண்ணெய் இறங்கியது. சோதனை மேல் சோதனை செய்தோம். அசல் கராம்பு இலை எண்ணெய், ஒரு குறையும் இல்லை. கிட்டத்தட்ட முழுவதையும் வடித்துத் தீர்த்துவிட்டு, வெற்றி வீரர்கள் மாதிரித் தலைவரிடம் போனோம்.

"சேர், கலப்படமே இல்லீங்க. சுத்தமான எண்ணெய்!"

அவர் தெளிந்த போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடியில் ஒட்டிக்கொண்டிருந்த துளிக் கறுப்போடு இருந்த பழைய போத்தலையும் பார்த்தார்.

"நான் கேட்டது கறுப்பு எங்கையிருந்து வந்தது எண்டு. நீங்கள் கறுப்பை எறிஞ்சுபோட்டு மிச்சத்தைக் கொண்டுவந்து காட்டுறியள். கள்ளனை வெளியிலை விட்டிட்டு வீட்டைச் சோதிச்ச மாதிரி இருக்கு."

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மனிதர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. வெளியே வந்ததும் நசீர் சுவரில் சாய்ந்துவிட்டான். "முடிஞ்சிச்சு கமலா. கறுப்பு இருந்த குடுவைய நான் கழுவச் சொன்னேனே. கழுவிட்டீங்களா?"

"மாரியாத்தா!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். நான் எங்கே கழுவினேன்? என் வீம்பு அப்படியே மேசையடியில் உட்கார்ந்திருந்தது. குடுவையின் அடியில் தார் மாதிரி ஒரு கறுப்புப் படிவு. வாழ்க்கையில் எந்த நகையைக் கண்டும் நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அந்தப் படிவைச் சுரண்டி எடுத்து எரித்துச் சாம்பலாக்கினோம். சாம்பல் செங்கபில நிறம். அதை அமிலத்தில் கரைத்து, எங்களுக்குத் தெரிந்த ஒரே வித்தையான உப்புச் சோதனையைத் தொடங்கினோம். தயோசயனேற்றுக் கரைசலில் ஒரு துளி விட்டதும், சோதனைக் குழாய் முழுக்க இரத்தச் சிவப்பு.

"இரும்பு!" என்றான் நசீர். "அல்லாவே, இதுல இரும்பு எப்பிடி வந்துச்சு?"

என் தலைக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. கராம்பு எண்ணெயின் பெரும்பகுதி யூஜினோல். அது பீனோல் வகையைச் சேர்ந்தது. பீனோலை எப்படி அடையாளம் காண்பது? முதலாம் வருடத்துப் பிள்ளைக்கும் தெரியும். இரும்பு உப்புக் கரைசலை விட்டால் நீலம், ஊதா, பச்சை என்று நிறம் வரும். நாங்கள் சோதனைக் குழாயில் செய்கிற அதே சோதனையை யாரோ ஒரு பெரிய பாத்திரத்தில், தெரியாமலே செய்துகொண்டிருக்கிறார்கள்!

மூத்தவர்களுக்கு இது ஏன் படவில்லை என்று கேட்பீர்கள். அவர்களுக்கு எங்களைவிடப் பத்து மடங்கு தெரியும். ஆனால் அந்தச் சின்னச் சோதனையைச் செய்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. எங்களுக்கோ போன மாதம்தான் அதில் பரீட்சை. விரல் நுனியில் அந்த நிறம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

உடனே ஓடிப்போய்த் தலைவரிடம் சொல்லலாம் என்று நசீர் துள்ளினான். நான் பிடித்து நிறுத்தினேன். ஒரு தடவை அவசரப்பட்டு மூக்குடைபட்டது போதாதா? சாம்பலில் இரும்பு இருந்தால் மட்டும் அது கறுப்புக்குக் காரணமாகிவிடாது. கறுப்பை நாமே உண்டாக்கிக் காட்ட வேண்டும், பிறகு நாமே எடுத்தும் காட்ட வேண்டும். இரண்டும் முடிந்தால்தான் வாய் திறப்பது என்று முடிவு செய்தோம்.

அப்பாவின் கடையில் விற்காமல் கிடந்த துருப்பிடித்த ஆணிகளை அள்ளி வந்து, வடித்த தெளிந்த எண்ணெயில் போட்டு, சொட்டுத் தண்ணீரும் விட்டு வெதுவெதுப்பான இடத்தில் வைத்தோம். மறுநாள் காலை போய்ப் பார்த்தால் எண்ணெய் கறுத்திருந்தது. பக்கத்தில் ஆணி போடாத போத்தல் அப்படியே இளமஞ்சள். ஆணியைப் பார்த்து இரண்டு பேரும் பைத்தியக்காரர்கள் மாதிரிச் சிரித்தோம்.

அன்றைக்கே பஸ் பிடித்து ரத்தோட்டைக்குப் போய், அங்கிருந்து மலையேறினோம். காசிம் நானாவின் கொட்டிலில் கேட்க வேண்டியிருந்தது ஒரே ஒரு கேள்வி.

"நானா, வடிச்ச எண்ணெய எதுல ஊத்தி வைப்பீங்க?"

"முந்தி செம்புப் பாத்திரத்துலதான் வச்சேன். அது ஓட்டை விழுந்துருச்சு. வெளிநாட்டுச் சாமான் வராத இந்தத் தட்டுப்பாட்டுல புதுச் செம்புக்கு எங்க போறது? இப்ப இந்தப் பீப்பாய்தான்." அவர் காட்டிய இடத்தில் மொத்தமான இரும்புப் பீப்பாய் ஒன்று நின்றது. மூடியைத் திறந்தால் உள்பக்கமெல்லாம் செக்கச்செவேல் என்று துரு.

"நீங்க கலப்படக்காரர் இல்ல நானா. இந்தப் பீப்பாய்தான்," என்றேன்.

அவர் பீப்பாயைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பிறகு பக்கத்தில் கிடந்த கட்டையில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். "அல்ஹம்துலில்லாஹ்," என்று மெதுவாகச் சொன்னார். எங்களுக்குப் போட்ட தேநீரில் சீனி கரையாமல் அடியில் நிற்குமளவு அள்ளிப் போட்டிருந்தார். வரும்போது பீப்பாயிலிருந்து ஒரு பெரிய போத்தல் நிறைய ஊற்றித் தந்தார்.

கறுப்பை உண்டாக்கியாகிவிட்டது. எடுப்பது எப்படி? பஸ்ஸில் வரும்போது நசீர் தன் வெள்ளைச் சாரத்தின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தான். "கேட்டுல பட்ட துருக்கறைய உம்மா தேசிக்காய் தேய்ச்சு எடுத்தாங்க. இங்க பாருங்க, தடம்கூட இல்ல." நான் பஸ் என்றும் பாராமல் அவன் தோளில் ஓர் அடி போட்டேன். தேசிக்காயில், அதுதான் எலுமிச்சையில், இருக்கிற சித்திரிக் அமிலம் இரும்பைக் கவ்விப் பிடித்துத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போகும். ஆய்வுகூடத்தில் அந்த அமிலம் தீர்ந்து கனகாலம், தட்டுப்பாட்டில் வந்து சேரவில்லை. சந்தையில் தேசிக்காய்க்கு என்ன தட்டுப்பாடு? ஆனால் மாத்தளைக்கு வந்தபோது வியாழன் இரவாகிவிட்டது, முன்கூட்டிச் செய்து பார்க்க நேரமில்லை.

வெள்ளிக்கிழமை காலை கம்பனி ஆள் வந்தான். எங்களைவிடக் கொஞ்சம்தான் மூத்தவன், ஆனால் கழுத்துப்பட்டியும் கைப்பையுமாக மிடுக்கு. காசிம் நானா மூலையில் தொப்பியைச் சரிசெய்துகொண்டே நின்றார். தலைவர் மேசையில் நாங்கள் குவித்திருந்த தேசிக்காய்களைப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, எங்களுக்குச் சர்பத்தே போடப்போறியள்?"

கம்பனி ஆள் சிரித்தான். என் காது சூடாகியது. "பொறுத்துப் பாருங்க சேர்," என்று மட்டும் சொன்னேன்.

ஆணி போட்ட போத்தலையும் போடாத போத்தலையும் முதலில் காட்டினேன். தலைவரின் முகத்தில் பகிடி மறைந்தது. பிறகு காசிம் நானாவின் கறுத்த எண்ணெயை அடியில் குழாய் வைத்த பிரிபுனலில் விட்டு, வடிகட்டித் தண்ணீர் கலந்த தேசிப்புளியை அதன்மேல் ஊற்றி, குலுக்கி, தாங்கியில் நிறுத்தினேன். உள்ளே எல்லாம் ஒரே கலங்கல், சேற்றுத் தண்ணீர் மாதிரி. கராம்பு எண்ணெய் தண்ணீரைவிடப் பாரம், அது கீழே இறங்கிப் பிரிய வேண்டும். இறங்கவில்லை. கம்பனி ஆள் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். காசிம் நானாவின் உதடுகள் ஓசையில்லாமல் ஓதிக்கொண்டிருந்தன. எனக்குப் பின்னால் வரவேண்டிய பிள்ளைகள் அத்தனை பேரும் அந்தப் புனலுக்குள் மாட்டிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. இன்னும் ஒரு தடவை குலுக்கலாமா என்று கை பரபரத்தது. வேண்டாம், விடு, தானாகப் பிரியட்டும் என்று கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

மெல்ல மெல்ல அடியில் ஒரு கோடு விழுந்தது. கோட்டுக்குக் கீழே இளமஞ்சள். மேலே நின்ற தண்ணீர் அழுக்கு நிறத்தில் இருக்க, எண்ணெய் அன்றன்று வடிக்கிற புது எண்ணெய்போல் தெளிந்து கிடந்தது. குழாய்த் திருகியைத் திறந்து போத்தலில் இறக்கினேன். அறையெல்லாம் கராம்பு மணந்தது.

"யா அல்லாஹ்!" என்றார் காசிம் நானா. நசீர் என்னைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

கம்பனி ஆள் லேசில் விடுகிறவன் இல்லை. அவன் செய்தது சரிதான், நானாக இருந்தாலும் அதையே செய்திருப்பேன். கைப்பையிலிருந்து வேறொரு போத்தலை எடுத்து வைத்தான். "இது நாங்க கொழும்புல முத்திரை போட்டு வச்சது. என் கண்ணு முன்னால இதையும் தெளிய வைங்க. அப்ப நம்புறேன்."

"ஜும்மாவுக்கு முதல் முடிச்சிரலாம்," என்று நசீர் தேசிக்காய் வெட்ட உட்கார்ந்தான். புது எண்ணெயை அளக்க நான் போத்தலை எடுத்தேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆய்வுகூடத்தில் இருந்தது ஒரே ஒரு பிரிபுனல், அது அழுக்காக இருந்தது. பழக்கதோஷத்தில் போத்தலை வைத்துவிட்டுப் புனலோடு தொட்டிப் பக்கம் திரும்பினேன்.

தலைவர் கையை நீட்டிப் புனலை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

"நீங்கள் ரெண்டு பேரும் உங்கடை வேலையைப் பாருங்கோ."

மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றி, அந்த வெள்ளைக் கைச்சட்டையை முழங்கைவரை மடித்துவிட்டார். தொட்டியடியில் நின்று சோப்புப் போட்டுத் தேய்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, திருப்தியில்லாமல் இன்னொரு தரம் கழுவினார். பிறகு கொண்டுவந்து என்னிடம் நீட்டினார்.

"சரியாக் கழுவியிருக்கிறனோ எண்டு பாரும், பிள்ளை."

கண்ணில் தண்ணீர் முட்டியது. "ரொம்ப நல்லா கழுவியிருக்கீங்க சேர்," என்றேன். அவர் சத்தமாகச் சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

கொழும்புப் போத்தலும் தெளிந்தது. கம்பனி ஆள் மறு பேச்சில்லாமல் காசிம் நானாவின் கையைப் பிடித்துக் குலுக்கினான். நசீர் ஜும்மாத் தொழுகைக்கு ஓடினான், காசிம் நானாவும் அவன் பின்னால் ஓடினார். தலைவர் கையைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த லீவுக்கு எத்தினை பேரை அனுப்பலாம் எண்டு உங்கடை விரிவுரையாளரிட்டைக் கேளுங்கோ. ரெண்டு காணாது," என்றார். அன்று பெரிய வீதி நெடுக நான் நடந்தா போனேன்? பறந்துதான் போனேன்.

அதன்பிறகு வருடா வருடம் பிள்ளைகள் வந்தார்கள். வந்தவர்களில் சிலர் உங்களுக்கே படிப்பித்திருப்பார்கள். அவர்கள் கண்ணாடி உடைத்தார்கள்தான், நானும்தான் உடைத்தேன். ஆனால் நீங்கள் மறந்துபோன ஏதோ ஒரு சின்னச் சோதனை அவர்கள் விரல் நுனியில் இன்னும் ஈரமாக இருக்கும். அதற்கு வேலை கொடுக்க வேண்டுமென்றால் விடை தெரிந்த உப்பைக் கொடுக்காதீர்கள். உங்களுக்கே விடை தெரியாத கறுத்த போத்தலைக் கொடுங்கள். பிழை விடுவார்கள், விடட்டும். அழுக்கை எறியாமல் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள், அது போதும்.

திங்கட்கிழமை புதுப் பிள்ளைகள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். தொட்டி நிறையக் குடுவை கிடக்கிறதே, யார் கழுவுவது என்று கேட்பீர்கள். உங்கள் எல்லாருக்கும் நல்ல நீளக்கைச் சட்டைகள் இருக்கின்றன. மடித்துவிட்டுக்கொள்ளுங்கள்.